முதலாளியும் நானே, சம்பளம் வராதவனும் நானே

"நீங்க டிரைவரா, ஓனரா?" என்று கன்னடத்தில் கேட்டார் தொழிலாளர் அலுவலகத்து அதிகாரி.

"ரெண்டும்தான் சார்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அன்றைக்கு மட்டும் அந்த நெஞ்சைக் கொஞ்சம் குனியவிட்டிருக்கலாம்.

அவர் பேனாவை மூடிவிட்டார். "டிரைவருக்குச் சம்பளம் வரலைன்னா ஓனர் மேல புகார் எடுத்துக்குவோம். உங்க வண்டிக்கு ஓனர் யாரு?"

"நான்தான்."

"அப்போ உங்க மேல நீங்களே ஒரு புகார் எழுதிக் குடுங்க. ரெண்டு பேரையும் கூப்பிட்டு விசாரிக்கிறேன்."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பயம் வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். என் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால் தெரியும், ஒரு போட்டோவில்கூட நான் வாயை மூடவில்லை.

கடன் வாங்கி ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கி, ஹெப்பகோடியில் ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தொழிலில் வழக்கம் என்னவென்றால், லோடு ஏற்றும்போது டீசலுக்கும் டோலுக்கும் அட்வான்ஸ் தருவார்கள். சரக்கை இறக்கி, அங்கே முத்திரை வாங்கிய ரசீதைக் கொண்டுவந்து நீட்டினால் மீதி வாடகை வரும். எங்கள் டிரான்ஸ்போர்ட் முதலாளி இந்த வழக்கத்தில் தன் பங்குக்கு ஒரு சின்னத் திருத்தம் செய்திருந்தார். ரசீதை நீட்டினால், "அடுத்த லோடு ஏத்துப்பா, சேர்த்துக் குடுத்துடறேன்" என்பார். பழைய பாக்கியை வாங்குவதற்காக நானும் அடுத்த லோடை ஏற்றுவேன். இப்படியே பாக்கியை வசூல் செய்து செய்து நாலு டிரிப் பாக்கியாக்கிவிட்டேன்.

இதற்குள் லாரிக் கடனில் இரண்டு தவணை தவறியிருந்தது. மூன்றாவதும் தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். ஃபைனான்ஸ் கம்பெனியிலிருந்து பேசிய பையன் மிரட்டக்கூட இல்லை. "வண்டி வழக்கமா எங்க நிறுத்துவீங்க சார்?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டான். மிரட்டியிருந்தால்கூடத் தேவலை. உடனே ஓடிப்போய், மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு செங்கல் வியாபாரியின் காலி மனையில் வண்டியை நிறுத்தி, மேலே பெரிய தார்ப்பாயைப் போட்டு மூடினேன். மூடுவதற்கு முன் அது வெறும் லாரி. மூடிய பிறகு, ஒளித்துவைத்த லாரி.

தொழிலாளர் அலுவலகமும் கைவிட்ட பிறகு, முதலாளியின் ஆபீஸிலேயே போய் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தேன். மர்பி டவுன் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகும்போது வழிநெடுக வசனம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். "சார், இது என் உழைப்பு. பணத்தை வைக்காம இங்கேர்ந்து நகர மாட்டேன்." ஹெல்மெட்டுக்குள் பிரமாதமாக ஒலித்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளியின் அறைக்குள் நுழைந்ததும் வாயிலிருந்து வந்தது இதுதான்: "டிபன் ஆச்சா சார்?"

"ஆச்சுப்பா. நீ?"

"ஆச்சு சார்." ஆகவில்லை.

பாக்கியைப் பற்றி ஒருவழியாக எடுத்தேன். அவர் கோபப்படவில்லை. "நீ என் ஸ்டாஃபா இருந்தா ஒண்ணாந்தேதி சம்பளத்தை வாங்கிட்டுப் போயிட்டே இருப்பே. ஆனா நீ வெண்டர். இண்டிபெண்டன்ட். ராஜா மாதிரி. ராஜா வந்து சம்பளம் கேப்பாரா?" என்றார்.

ராஜா வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

எதிரே கணக்கு பார்க்கும் அம்மா. கன்னடக்காரர், தமிழை என்னைவிட வேகமாகப் பேசுவார். கம்ப்யூட்டரில் மும்முரமாக இருந்தபோது மேஜை போன் அடித்தது. "அண்ணா, கொஞ்சம் எடுங்களேன்" என்றார். எடுத்தேன். எங்கோ ஹைவேயிலிருந்து ஒரு டிரைவர்.

"என் பாக்கி என்னாச்சுங்க?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி எனக்கு 'இல்லை' என்று கையாட்டினார். சொல்லித் தராமலே எனக்கு வந்துவிட்டது: "சார் மீட்டிங்ல இருக்காரு."

"ஏன்யா, நீயெல்லாம் மனுஷனா? எத்தனை தடவைய்யா இதையே சொல்லுவே?"

"மரியாதையா பேசுங்க. இது ஆபீஸ்," என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. எங்கள் கம்பெனியைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா! போனை வைத்ததும் முதலாளி உள்ளேயிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று மதியம் எனக்குப் பசியே தெரியவில்லை.

மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன். அவர் மனம் குளிர்ந்தால் பணம் வரும் என்பது என் கணக்கு. மெத்தை வைத்த நாற்காலி வந்தது. பதினோரு மணி டீயில் எனக்கும் ஒரு கப் வந்தது. பணம் மட்டும் வரவில்லை.

"இன்னாங்க, குடுத்தாரா?" என்று வீட்டில் கேட்டாள் மனைவி.

"இன்னும் இல்ல. ஆனா இன்னைக்கு மட்டும் ஏழெட்டு டிரைவருங்களைச் சமாளிச்சேன் தெரியுமா?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்போ டிரைவர் சம்பளமும் பாக்கி, கிளார்க் சம்பளமும் பாக்கி. விடாதீங்க, இன்னும் கொஞ்ச நாள் போனா மேனேஜர் சம்பளத்தையும் பாக்கி வைப்பாரு."

தவணைக்குக் கடைசி நாள் வந்தது. காலையில் ஃபைனான்ஸ் பையன் பேசினான். "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு சார். வண்டியை அந்தச் செங்கல் மனையிலேயே விட்டு வைங்க, எங்க ஆளுங்களுக்கு அது வசதி," என்றான். அதே மரியாதை.

அந்தப் பதற்றத்தோடுதான் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரம் பார்த்து மேஜை போன் அடித்தது. "வண்டி..." என்று எதிர்ப்பக்கம் ஆரம்பித்ததுதான் தாமதம், நான் பிடித்துக்கொண்டேன். "சார் மீட்டிங்ல இருக்காரு. இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்த வாரம் பாருங்க. சும்மா சும்மா போன் பண்ணித் தொல்லை பண்ணாதீங்க."

எதிர்ப்பக்கம் டக்கென்று வைத்துவிட்டார்கள். டிரைவர்கள் யாரும் இப்படித் திட்டாமல் வைத்ததில்லையே என்று அப்போதுதான் லேசாக உறைத்தது.

அடுத்த நிமிஷம் உள்ளே முதலாளியின் செல்போன் அடித்தது. அவர் எழுந்து நின்று பேசினார். அவர் எழுந்து நின்று யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை. "சார்... ஐயோ, இல்லைங்க சார்... மத்தியானம் வண்டி அனுப்பறேன் சார்..."

பேசியவர், கம்பெனிக்கே சோறு போடுகிற ஃபேக்டரியில் சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச் அதிகாரி. மத்தியானத்துக்கு லாரி வேண்டும் என்று கேட்கத்தான் எங்கள் போனுக்கு அடித்திருக்கிறார்.

முதலாளி வெளியே வந்தார். "யாருடா போனை எடுத்தது?"

பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினேன்.

"உன்னை எவன்டா எடுக்கச் சொன்னான்? வெளிய போடா! இன்னையோட உனக்கு இங்க வேலை கிடையாது!"

இந்த இடத்தில் ஒரு கௌரவமான ஆள் என்ன சொல்லியிருப்பான்? நான் சொன்னது: "சார், சார், மன்னிச்சிடுங்க சார். ஒரே ஒரு சான்ஸ் குடுங்க சார். இனிமே ஒழுங்கா எடுக்கறேன்." இல்லாத வேலைக்காக நான் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

கணக்கு அம்மா தலையைத் தூக்காமலே கேட்டார். "இவரை அனுப்பறதா இருந்தா கணக்கை முடிச்சுடட்டா சார்? இல்லேன்னா நாளைக்கும் வந்து உக்காருவாரு."

"முடி! முடிச்சுத் துரத்து! இந்த மூஞ்சியை நான் நாளைக்குப் பாக்கக்கூடாது!"

"ஓடிபி வந்திருக்கும் சார்."

அந்த ஆறு எண்களையும் அவர் எனக்கு விடுகிற வசவு மாதிரியே ஒவ்வொன்றாகக் கத்தினார். அம்மா நிதானமாகத் தட்டினார். என் போன் டிங் என்றது. சுமைகூலி, தாமதம், சரக்குக் குறைவு என்று கழித்ததில் நாலாவது டிரிப் கரைந்துபோயிருந்தது. மூன்று டிரிப் பணம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் மறுபடி "டிபன் ஆச்சா சார்" என்று ஏதாவது வந்து தொலைக்கும்.

வாசலுக்கு வந்தேன். இளநீர் வண்டி ஓரமாக நின்று தவணையைக் கட்டினேன். இருந்த அவசரத்தில் ஒருமுறை அதிகமாகத் தட்டிவிட்டேன் போல. பையன் உடனே கூப்பிட்டான். குரலில் பாசம் பொங்கியது. "சார், பழசெல்லாம் முடிஞ்சு அடுத்த மாசத்துக்கும் சேர்த்துக் கட்டியிருக்கீங்க. உங்களை மாதிரி கஸ்டமர் கிடைக்க மாட்டாங்க சார்."

லாரி தப்பித்தது. டீசல் போடத்தான் காசில்லை. டீசல் அட்வான்ஸ் தரக்கூடிய ஆள், மத்தியானத்துக்குள் ஒரு லாரி கிடைக்காவிட்டால் தொலைந்துபோகிற ஆள், எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான் இருந்தார். இளநீர்க்காரரிடம் ஒன்று வெட்டச் சொல்லிக் குடித்துவிட்டுத்தான் போன் செய்தேன்.

"சார், என் வண்டி சும்மாதான் நிக்குது."

"மூஞ்சியைக் காட்டாதேன்னு சொன்னேன்ல!" பிறகு குரலை இறக்கினார். "எங்க நிக்குது?"

"பக்கத்துலதான் சார். ஆனா..." குரல் கீச்சென்று போனது. "முழு வாடகையும் ஏத்தறதுக்கு முன்னாடி சார்."

அவர் விட்ட மூச்சு போனில் கேட்டது. மணி ஒன்றரை. "அந்த அம்மாகிட்டே பேசு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் டீசல் பங்கைத் தொடுவதற்குள் பணம் முழுசாக வந்து சேர்ந்துவிட்டது.

ஃபேக்டரியில் வண்டியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தியதும் ஒருத்தர் காகிதங்களோடு கேபினுக்குக் கீழே வந்து நின்றார். டிஸ்பாட்ச் அதிகாரி. "காலையில உங்க ஆபீஸ்ல ஒருத்தன் என்கிட்டே பேசினான் பாருங்க பேச்சு! ஆள் மட்டும் கையில கிடைச்சான்னா... யாருங்க அவன்?"

தொண்டையைத் தொட்டுக்காட்டி, பேச முடியவில்லை என்று கையை விரித்தேன். பல் மட்டும் தெரிந்தது.

"ஐயோ பாவம், தொண்டை கட்டிக்கிச்சா?" என்றவர், உள்ளே திரும்பி எனக்குச் சூடாக ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.