ஓட்டை வலையில் விழுந்த கோல்

பிள்ளைகளா, அப்பாவுக்கு இந்த இங்கிலீஷ் எங்கிருந்து வந்தது என்று போன வாரம் சிரித்தீர்களே, சொல்கிறேன். வகுப்பில் வரவில்லை. பெங்களூர் அடுகோடியில் எங்கள் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வந்தது.

நான் எட்டாவது படிக்கும்போது விளையாட்டு வாத்தியார் வேலையை விட்டுப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல், இங்கிலீஷ் மிஸ்ஸையே கால்பந்து அணிக்கும் போட்டுவிட்டார்கள். பருத்திப் புடவையும் கழுத்தில் விசிலுமாக வந்து நின்ற மிஸ் முதல் நாளே ஒரு வழக்கம் வைத்தார். ஆடி முடித்ததும் யாரும் வீட்டுக்கு ஓடக் கூடாது. வட்டமாக உட்கார்ந்து, நடந்த ஆட்டத்தை முதலிலிருந்து இங்கிலீஷில் சொல்ல வேண்டும். ஒருவன் விட்ட இடத்தில் அடுத்தவன் பிடிக்க வேண்டும். இங்கிலீஷ் தப்பினால் பரவாயில்லை, ஆட்டம் தப்பக் கூடாது. நடுநடுவே மிஸ் கேட்பார்: அவன் ஏன் பந்தை அங்கே கொடுத்தான்? ரெஃப்ரி ஏன் விசில் ஊதினார்?

"வாங்கின நாலு கோலையும் இங்கிலீஷ்ல வேற அழணுமாடா?" என்பான் எங்கள் கோல்கீப்பர்.

வீட்டில் வேறு விதமான நெருக்கடி. லேத் பட்டறையில் வேலை செய்த என் அப்பா, "இந்த வருஷமும் கப் வரலேன்னா பூட்ஸைப் பரண்ல போட்டுட்டு டியூஷனுக்குக் கெளம்பு" என்று சொல்லிவிட்டார். "கப்பு வந்தா அதுல காபியா குடிக்கப் போறோம்?" என்றாள் அம்மா. எனக்கோ கால்பந்தை விட்டால் வேறெதுவும் வராது. அணிக்குக் கேப்டன் வேறு.

இறுதி ஆட்டத்தில், சொந்த பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெரிய பள்ளிக்கூடத்தோடு மோதினோம். கடைசி நிமிஷம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அப்போது எங்கள் பையன் அடித்த பந்து கம்பத்துக்கு உள்பக்கமாகப் போய், பக்கவாட்டு வலையிலிருந்த ஓட்டை வழியாக வெளியே ஓடிவிட்டது. தூரத்தில் நின்ற ரெஃப்ரி பந்து வெளியே போனதாக நினைத்து, கோல் இல்லை என்று கை காட்டினார்.

அவ்வளவுதான். தமிழில் ஒருவன், கன்னடத்தில் ஒருவன், உருதுவில் இரண்டு பேர் என்று அவரை மொய்த்துவிட்டோம். அவர் விசிலை ஊதி, "ஒன்லி கேப்டன்" என்றார்.

நான் முன்னால் போனேன். வாய் தானாக இங்கிலீஷில் தொடங்கிவிட்டது, மாலை வட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே. எவன் பந்தைக் கொடுத்தான், எந்தக் காலால் அடித்தான், கம்பத்துக்கு எந்தப் பக்கம் நுழைந்தது, எங்கே வெளியே வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் ஓட்டையைக் காட்டி, "ப்ளீஸ் சீ, சார்" என்றேன். ரெஃப்ரி போய் வலையைத் தூக்கிப் பார்த்தார். எதிரணி கோல்கீப்பரிடம் ஏதோ கேட்டார். அந்த நல்ல பிள்ளை தரையைப் பார்த்தபடி ஆமாம் என்று தலையாட்டினான்.

கோல். கப் எங்களுக்கு.

கை கொடுக்கும்போது ரெஃப்ரி மெதுவாகச் சொன்னார்: "தமிழ்லயே சொல்லியிருக்கலாமேப்பா, நமக்கும் தமிழ்தான், வீடு இங்க விவேக் நகர்ல."

கப்பைத் தூக்கிக்கொண்டு ஓசூர் ரோடு வரை கத்திக்கொண்டே போனோம். அப்பா பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வெளியே வந்து கப்பை வாங்கினார். டியூஷன் பேச்சே எடுக்கவில்லை.

உங்கள் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு ஒருநாள் மிஸ்ஸை பஸ்ஸில் பார்த்தேன். "அப்ப எனக்குப் பந்து வெளியே போனா யாருக்குன்னுகூடத் தெரியாதுப்பா. நீங்க சொல்லச் சொல்லத்தான் கத்துக்கிட்டேன்" என்று சிரித்தார். மிஸ் எங்களுக்குப் பாடம் நடத்துகிறார் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தோம். தினமும் சாயங்காலம் எங்களிடம் படித்துக்கொண்டிருந்தது அவர் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியவில்லை.

ஜெயித்த அன்று இது எதுவும் தெரியாமல் நான் ஒன்று செய்தேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகு தனியாகப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி, குழாயடியில் பந்தைத் தேய்த்துக் கழுவினேன். சட்டையால் துடைத்து மிஸ் மேஜைமேல் வைத்தேன். உருண்டு விழுந்தது. எடுத்து மறுபடி வைத்து, விழாமலிருக்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு டஸ்டரை அண்டக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினேன்.