அப்பா எழுந்திருந்தால் விளக்கு எரியாது

அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை, மாடி நடைவழியில் இருந்த சென்சாருக்குப் பேட்டரி மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை மதியம். அவர் ஸ்டூல் மேல் நின்றார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் ஏறறேன்பா. நீங்க இறங்குங்க."

"நீ இன்ஜினியர். கீழ நின்னு அண்ணாந்து பார்க்கிறதுதான் உன் வேலை."

பழைய பேட்டரியை என் உள்ளங்கையில் போட்டார். புதியதைப் பொருத்தி மூடியை அழுத்தினார். சென்சாருக்கு நேராகக் கையை ஆட்டிப் பார்த்தார். சினிமா முனை எரிந்தது.

சினிமா முனை என்பது ஒரு பல்பு. நடைவழியில் மூன்று பல்புகள்: பள்ளிக்கூட முனை, ஆஸ்பத்திரி முனை, சினிமா முனை. அப்பா நகராட்சியில் டிராஃபிக் சிக்னல் பழுது பார்த்தவர். ஏணி வண்டியோடு முனை முனையாக அலைந்தவர். அவரை அதிகம் படுத்தி எடுத்த சிக்னல்களின் பெயர்களைத்தான் பல்புகளுக்கு வைத்திருந்தார். ஏதாவது ஒன்று எரியாவிட்டால் எனக்குச் செய்தி வரும்: "ஆஸ்பத்திரி முனை படுத்துடுச்சு. உடனே கூப்பிடு." அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைக்காரி அதை ஒருமுறை படித்துவிட்டு, என் கைப்பையை எடுத்துக்கொண்டு என்னை வாசல் வரை இழுத்துப்போய்விட்டாள்.

அம்மா தூக்கத்தில் நடப்பவள். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான். விடியப்போகும் நேரத்தில், யாரோ மெல்லக் கூப்பிட்டதுபோல எழுந்து போவாள். கண் திறந்திருக்கும். பார்வை வேறெங்கோ இருக்கும். அப்பா பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வருவார். எழுப்ப மாட்டார். காலையில் அம்மா ஒப்புக்கொள்ளவே மாட்டாள்.

"நானா? உங்கப்பா கனவு கண்டிருப்பாரு."

"ஆமாமா, தினம் ஒரே கனவு. அதுலயும் உங்கம்மாதான் கதாநாயகி."

ஓய்வு பெற்ற பிறகு அப்பாவுக்குக் காது மந்தமானது. முனைகளில் அத்தனை வருடம் கேட்ட ஹாரன் சத்தம். அம்மா எழுந்து போவது அவருக்குக் கேட்காமல் போயிற்று. ஒரு நாள் காலையில் மாடிப்படியின் கடைசிப் படியில், சுவரில் தலை சாய்த்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை படியையும் தூக்கத்திலேயே இறங்கியிருந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. அப்பா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

படுக்கையறையைப் பூட்டிவிடலாம் என்றேன்.

"பூட்டு திருடனுக்கு. பொண்டாட்டிக்கு எதுக்கு?"

நான் முன்பே வாங்கித் தந்த ஸ்மார்ட் பல்புகள் பிரிக்காமல் கிடந்தன. நாலு எட்டு நடந்து சுவிட்சைத் தட்ட முடியாதவனுக்குத்தான் இதெல்லாம் என்று கேலி செய்தவர், அன்று மாலை அந்தப் பெட்டியைப் பிரித்தார்.

அவர் பராமரித்த நீளமான சாலை ஒன்று இருந்தது. ஒரே வேகத்தில் போனால் எல்லா சிக்னலும் அடுத்தடுத்துப் பச்சையாகிக்கொண்டே வரும். நேரம் பிசகாமல் அதை வைத்திருந்ததில் அவருக்குப் பெருமை அதிகம். விடுமுறை நாட்களில் அம்மாவை ஸ்கூட்டரில் வைத்து அந்தச் சாலையில் ஓட்டிப்போவார். எங்கும் பிரேக் இல்லை. பச்சை, பச்சை, பச்சை. அம்மா அவர் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிவிடுவாளாம். சாலை முடிந்ததும் எழுப்ப மனமில்லாமல் மறுபடி திரும்பி ஓட்டுவாராம்.

அதையே நடைவழியில் செய்தார். அம்மா தூக்கத்தில் வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் போவாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் படிப்பக்கம் நெருங்கினால் அங்கே இருட்டாகவே இருக்கும். முதுகுப்பக்கம் சினிமா முனை மஞ்சளாக, மெல்ல எரியும். அவள் திரும்புவாள். அடுத்து ஆஸ்பத்திரி முனை. பிறகு பள்ளிக்கூட முனை. கடந்து வந்தது பின்னால் அணைந்துகொண்டே வரும். கடைசியில் கட்டிலருகே சின்ன விளக்கு. நான் ஒருமுறை பார்த்தேன். வெளிச்சத்தின் மேல் மிதந்து வருவதுபோல அம்மா வந்து படுத்தாள். விளக்கு அணைந்தது.

கோளாறுகளும் வந்தன. ஒருமுறை மின்சாரம் போய்த் திரும்பியதும் எல்லா பல்பும் பளீரென்று வெள்ளையாக எரிந்தன. அந்த ரகம் அப்படித்தான். அதை மாற்றினோம். பிறகு இணையம் அறுந்துபோனது. "நெட்டு இல்லைன்னா உங்கம்மா தூங்கக் கூடாதா?" என்றார். எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே இயக்கும் ஒரு சிறு பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு சாதனம் பதில் சொல்லாவிட்டால் மற்ற பல்புகள் மஞ்சளாக விட்டுவிட்டு எரியட்டும் என்று அமைத்தது அவர் யோசனை. பழுதான சிக்னல் அப்படித்தான் செய்யும். வண்டிக்காரன் இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போவான். அம்மா போகவில்லை. கண் சிமிட்டும் பல்புக்குக் கீழே விடியும்வரை அப்படியே நின்றாள்.

"மஞ்சள்னா பார்த்துப் போகணும், நிக்கக் கூடாதுன்னு உங்கம்மாவுக்கு யாரும் சொல்லித் தரலை" என்றார். சிமிட்டலை எடுத்துவிட்டார்.

பேட்டரி மாற்றிய அந்த வாரமே, புதன்கிழமை, முடிவெட்டும் கடை நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்துக் கடைக்காரர் சத்தமில்லாமல் பாதித் தலையை முடித்திருந்தார்.

வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு, நான் அம்மாவோடு தங்கினேன். ஒரு விடியலில் ஏதோ உறுத்தி எழுந்து வந்தேன். நடைவழி இருட்டாக இருந்தது. படியின் விளிம்பில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ஒரு கால் விரல்கள் வெளியே. கையைப் பிடித்தேன். கை இதமாக இருந்தது. என்னோடு வந்தாள்.

காலையில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பேட்டரி முழுதாக இருந்தது. பல்புகள் எல்லாம் எரிந்தன. பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து நடந்ததைச் சென்சார் பார்த்திருக்கிறது. பதிவில் இருக்கிறது. ஆனாலும் விளக்கு எரியவில்லை. எதுவும் பழுதாகவில்லை.

அப்பா தானே சேர்த்திருந்த ஒரு நிபந்தனையைக் கடைசியாகப் பார்த்தேன். கட்டிலில் அவர் பக்கத்து மெத்தைக்கு அடியில் ஒரு பட்டை இருந்தது. மேலே ஆள் படுத்திருக்கிறாரா இல்லையா என்று மட்டும் அது சொல்லும். இரவில் அவர் படுத்திருந்தால்தான் விளக்குகள் வேலை செய்யும். அவர் எழுந்துவிட்டால் செய்யாது. இது சிக்னல்காரர் வழக்கம். முனையில் போலீஸ்காரர் இறங்கிக் கை காட்டத் தொடங்கினால் சிக்னலை அணைத்துவிட வேண்டும். இரண்டு பேர் வழி சொன்னால் வண்டி திணறும்.

பட்டை காலியாக இருந்தது. வீட்டின் கணக்கில் அப்பா எழுந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்திருக்கிறார். அதனால் வீடு ஒதுங்கி நின்றது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இந்த வீடு, அவர் இன்னும் எந்திரிச்சு நடமாடறாருன்னு நினைச்சிட்டிருக்கா?"

"ஆமாம்மா. ஒரு நிமிஷ வேலை. அந்த நிபந்தனையை எடுத்துடறேன்."

"எடுக்காத."

"படியில விழுந்தா என்னம்மா பண்றது?"

"நான் எங்கடி நடக்கறேன்? எல்லாம் உங்கப்பா கனவு." சட்டை ஒன்றை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நினைச்சிட்டுப் போகட்டுமே. உனக்கு என்ன போச்சு?"

எடுக்கவில்லை. படிக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்தேன். எத்தனை நாள் அப்படிப் படுக்க முடியும் என்று எனக்கும் தெரியவில்லை. என் லீவு தீரப்போகிறது. அம்மா என்னோடு வரவும் சம்மதிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது. எலக்ட்ரிக் கடைக்காரர்.

"அண்ணே, என்ன ஆளையே காணோம்? சாமான் வந்து கிடக்குது."

நான் மகள் என்றேன். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் யாரோ வயரின் விலை கேட்டது காதில் விழுந்தது.

"என்ன சாமான் அண்ணே?"

"மெத்தைக்கு அடியில போடுற பட்டைம்மா. முதல்ல வாங்கிட்டுப் போனது தடிமன், அவளுக்கு அது முதுகுல உறுத்தும்னாரு. விரிப்பு சுருங்கினாக்கூட அவ புரண்டு புரண்டு படுப்பா, மெல்லிசா பார்த்து வரவழைன்னாரு. அதான் தேடிப் பிடிச்சேன்."

அம்மாவின் பக்கத்துக்கு. அவள் எழுந்தது அவள் இடத்திலிருந்தே வீட்டுக்குத் தெரிந்துவிடும். அப்பா இருக்கிறாரா என்று அது பார்க்க வேண்டியதில்லை.

"எப்ப வர்றதா சொன்னாரு?"

"வெள்ளிக்கிழமை முடி வெட்டிட்டு அப்படியே வந்து எடுத்துக்கறேன்னாரும்மா. அப்புறம் புதன்கிழமை காலையில இந்த வழியாத்தான் போனாரு. இன்னிக்கே வெட்டிக்கறேன், கூட்டம் இருக்காதுன்னாரு. சாமான் அப்ப வரலை. வெள்ளிக்கிழமை கண்டிப்பா வர்றேன், எடுத்து வைன்னுட்டுப் போனாரு."