பலெர்மோவின் ஒரேயொரு ‘என்னா’

முதல் நாளே கொலைக் குற்றம்

வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, நாங்கள் கூட்டாகச் சேர்ந்து யாரையோ தீர்த்துக்கட்டிவிட்டோம் என்பது போலத்தான் என் காதில் விழுந்தது.

அப்போது எனக்குத் தெரிந்த இத்தாலியச் சொல் ஒன்றே ஒன்று: ‘சி’. ஆம் என்று பொருள். அதற்கு முன் இத்தாலியின் பலெர்மோ நகரத்து ஓரத்தில், சியாகுல்லித் தோட்டங்களில் மண்டரின் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அங்கே அதற்கு மேல் தேவைப்படவில்லை. மண்டரின் பழம் கேள்வி கேட்பதில்லை. பிறகு ஊர்க்காரர் ஒருவர், நகரத்துக்குள் பழைய கட்டடம் ஒன்றில் போர்த்தியேரே வேலை, அதாவது வாசல்காரர் வேலை, இருக்கிறதென்று என்னைக் கூட்டிப்போனார். வாசலில் வைத்து, “என்ன கேட்டாலும் சி எண்டு சொல்லு. சிரிச்சபடி சொல்லு. மிச்சத்தைக் கடவுள் பார்ப்பார்,” என்று சொல்லிவிட்டுத் தன் வேலைக்கு ஓடிவிட்டார்.

கட்டடத்தின் நிர்வாகத்தைப் பார்ப்பவரை எல்லாரும் ராஜொனியேரே என்பார்கள். கணக்காளர் என்று அர்த்தம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, பேனாவைத் திறந்து, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“கொன்யோமே?”

எனக்குக் கேட்டது, சத்தியமாக, “கொன்னோமே?” என்று. யாரைக் கொன்னோம்? எப்போது கொன்னோம்? இதற்குச் சிரித்தபடி ‘சி’ சொன்னால் நேராகச் சிறைதான். கடைசியில் வாயிலிருந்து வந்தது தாய்மொழி.

“என்ன?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிசிலியின் நடுவில், மலை உச்சியில், என்னா என்று ஒரு பட்டினம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்?

“என்னா! அந்த மலைப் பட்டினம் மாதிரியே?”

“சி,” என்றேன். சிரித்தபடி.

‘கொன்யோமே’ என்றால் குடும்பப் பெயர் என்று நான் அறிந்த நாளில், என் வாசல் அறைக் கதவில் பித்தளைத் தகடு ஏறிவிட்டிருந்தது: சிஞ்ஞோர் என்னா, அதாவது திருவாளர் என்னா. தெருவில் நின்று வீட்டுக்காரரை அழைக்கும் பொத்தான் பலகையிலும் அதே பெயர்.

என் உண்மையான பெயர் பஞ்சாட்சரம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர், கதிர்காமத்தம்பி. அப்பாவுக்கு அதே இடத்தில் அவருடைய அப்பாவின் பெயர். எங்களிடம் அந்த இடம் தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும். இதை ஓர் இத்தாலியருக்கு விளக்கத் தொடங்கினால் கோப்பி முடியும், விளக்கம் முடியாது. வேலை ஒப்பந்தத்தைப் பாஸ்போர்ட் பார்த்து வேறொருவர் எழுதியதால் அதில் எல்லாம் சரி. ஆனால் அதை வாய்விட்டு வாசிக்க முயன்ற யாரும் ‘கதிர்’ என்பதைத் தாண்டியதில்லை. அங்கே மூச்சு வாங்கி, “சிஞ்ஞோர் என்னா” என்று இறங்கிவிடுவார்கள். வருடக்கணக்காக நானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன்.

வியாழக்கிழமை இரண்டு இடி

இனி வருகிற இத்தாலியப் பேச்சை எல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன். பேசியவர்கள் கோபிக்க மாட்டார்கள், வாசித்தால்தானே கோபிப்பதற்கு.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை ராஜொனியேரே வந்து, தொண்டையைச் செருமினார். நல்ல செய்திக்கு அவர் செருமுவதில்லை.

“சிஞ்ஞோர் என்னா, வியாழக்கிழமை பின்னேரம் வீட்டுக்காரர் கூட்டம். மெஷின் ஒண்டு கொண்டுவந்து காட்டப்போறாங்கள். ஆளின்ர குரலைக் கேட்டுக் கதவைத் திறக்குமாம். வேணுமோ வேண்டாமோ எண்டு வாக்கெடுப்பு.”

“மெஷின் வந்தால் நான்?”

“அதுக்குத்தான் வாக்கெடுப்பு.”

ஐம்பதைத் தாண்டியவனுக்கு, முழங்கால் படியேறும்போது தனியாகக் கதைக்கத் தொடங்கியவனுக்கு, இந்த ஊரில் இன்னொரு வாசல் யார் தருவார்? நான் அதை யோசித்து முடிப்பதற்குள் அவர் அடுத்ததைப் போட்டார்.

“பிறகு, சார்டீனியாத் தீவில இருந்து ஒரு சிஞ்ஞோரா போன் எடுத்தவ. உங்கட கொன்யோமேயைப் பற்றி விசாரிக்கிறா. எங்கையிருந்து வந்தது, எப்ப வந்தது எண்டு ஒவ்வொண்டாக் கேட்டா. வியாழக்கிழமை நேரில வாறாவாம்.”

குவெஸ்தூரா என்னும் பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்க வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று தெரியும். பத்திரம் பிழையென்றால் கொஞ்சம் பயம். எல்லாம் சரியென்றால்தான் பெரிய பயம். எதிலே பிடிக்கப்போகிறார்கள் என்று தெரியாதே.

பல்லாரோ சந்தைக்குள்ளால் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தேன். மீன்காரர் கத்தியதெல்லாம் “என்னா! என்னா!” என்றே கேட்டது. மனைவி சிவமலர் கதவைத் திறந்தாள்.

“இஞ்சாருங்கோ, ஏன் இப்பிடி வேர்த்து ஒழுகுது?”

“பிடிச்சிட்டாங்கள்.”

“ஆரை?”

“என்னாவை.”

“என்னத்தை?”

“என்னத்தை இல்லையப்பா, என்னாவை. என்னைத்தான்!”

அவள் என்னை உட்காரவைத்து, ஒரு நீதிபதி மாதிரி விசாரித்தாள். “பெர்மெஸ்ஸோவில பேர் சரிதானே?”

“ஓம்.”

“வேலை ஒப்பந்தத்தில?”

“ஓம்.”

“நீங்கள் ஆரையும் கொலை செய்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப சாப்பிடுங்கோ. புட்டு ஆறுது.”

சாப்பிட்டேன். ஆனால் பெயர் மாறாட்டக்காரன் சாப்பிடுகிற மாதிரிச் சாப்பிட்டேன்.

சாந்தா ரொசாலியா வருகிறாள்

வியாழன் காலை, சாட்சியத்தை அழிப்பதற்காகத் திருகாணி முடுக்கியோடு போனேன். தகட்டின் திருகாணிகள் துருப்பிடித்து, கதவோடு கதவாகிவிட்டிருந்தன. பித்தளை மினுக்குவதில் நான் காட்டிய அக்கறையை எண்ணெய் விடுவதில் காட்டவில்லை. வேறு வழியில்லாமல் சாந்தா ரொசாலியாவின் படத்தைத் தகட்டின் மேல் தொங்கவிட்டேன். இந்த நகரத்தின் காவல் தெய்வம் அவள். நான் சைவக்காரன்தான், ஆனால் அவளுடைய மலைக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏறுவார்கள். அவளுக்கு என்னைத் தெரியும்.

முதலாம் மாடி சிஞ்ஞோரா பீனா சந்தைப் பையோடு இறங்கி வந்தார். அவருக்குக் காது மந்தம், மற்றதெல்லாம் கூர்மை. இங்கே சாவு வீட்டுக் கதவில் அறிவித்தல் தொங்கும்; படத்தைக் கண்டதும் அவர் சிலுவை போட்டார்.

“ஆர் செத்தது?”

“ஒருத்தரும் இல்லை, சிஞ்ஞோரா.”

“ஐயோ பாவம். எப்ப அடக்கம்?”

“ஒருத்தரும் சாகேல்லை!”

“நாளைக்கோ? நல்லது, பூவோட வாறன்.”

மதியத்துக்குள் கட்டடமெல்லாம் குசுகுசுப்பு. யாரோ ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரர் என் தோளைத் தட்டி, “மனசைத் தளரவிடாதேங்கோ,” என்றார். நான் “கிராத்சியே” என்று நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல?

பகேரியாவுக்குப் போனவர்

பின்னேரம், கூட்டத்துக்காகக் கீழ் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கட்டையான, தோள் அகன்ற ஒரு சிஞ்ஞோரா பெட்டியும் பொதியுமாக உள்ளே வந்தார். பழக்கதோஷம், ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன்.

“சிஞ்ஞோர் என்னாவைப் பார்க்க வேணும். நான் சார்டீனியாவில இருந்து வாறன்.”

பெட்டி என் காலில் விழுந்தது.

“அவர் இல்லை,” என்றேன். “பக்கத்து ஊர் பகேரியாவுக்குப் போட்டார்.”

“எப்ப வருவார்?”

“ரயில் வேலைநிறுத்தம்.”

“பரவாயில்லை, இருக்கிறன்,” என்று என்னுடைய அறைக்குள்ளேயே போய், என்னுடைய கதிரையிலேயே உட்கார்ந்தார்.

என் அறையில் என்னைத் தேடி ஒருவர். வாசலில் நான் இல்லாதவனாக நிற்கிறேன். இதைவிட மும்முரமாக ஒரு மனிதன் இல்லாமல் இருக்க முடியாது. அந்த நேரம் பார்த்து சிஞ்ஞோரா பீனா மேலே நின்று, தெருவே அதிரக் கூப்பிட்டார்.

“சிஞ்ஞோர் என்னா! சிஞ்ஞோர் என்னா! எனக்கு முன்னுக்கு ஒரு கதிரை பிடிச்சு வையுங்கோ!”

நான் கூரையைப் பார்த்தேன். வந்தவர் என்னைப் பார்த்தார்.

“பகேரியாவில இருந்து கெதியா வந்திட்டீங்கள்,” என்றார்.

இனி ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. மண்டரின் தோட்டம், கொன்னோமே, என்ன, சி, பித்தளை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். “சிஞ்ஞோரா, குவெஸ்தூராவில என்ர பேர் சரியாத்தான் இருக்கு,” என்று மட்டும் மூன்று தரம் சொன்னேன்.

அவர் முதலில் இருமினார். பிறகுதான் அது சிரிப்பென்று தெரிந்தது. சிரித்துச் சிரித்து மேசையில் அடித்தார்; என் சாவிகள் எல்லாம் துள்ளின.

“நான் குவெஸ்தூரா இல்லை, மனுசா! நான் பஸ் ஓட்டினனான். பென்சன் எடுத்தாப் பிறகு என்ர கொன்யோமே எங்கை எங்கை இருக்கெண்டு தேடித் திரியிறன். நானும் என்னாதான்!”

அவருடைய மருமகன் பலெர்மோ பார்க்க வந்தபோது எங்கள் பொத்தான் பலகையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். இவர் தன் தேசப்படத்தில் பலெர்மோவில் ஒரு புள்ளி வைக்க ஓடி வந்திருக்கிறார்.

“எங்கட தீவில என்னாக்கள் இருக்கினம். கடல் தாண்டினால் தேடித்தான் பிடிக்க வேணும்,” என்றார். “சிசிலியில அந்தப் பேரில பட்டினமே இருக்கு. ஆனால் பட்டினத்துக்குள்ளை இருக்கிற எல்லாரையும் பட்டினத்தின்ர பேரால கூப்பிட்டால் ஆர் திரும்பிப் பார்க்கிறது? உங்களைக் கண்டதும் இதென்ன புதுக் கிளை எண்டு நித்திரை வரேல்லை.”

“கிளை இல்லை, சிஞ்ஞோரா. பிழை.”

“எல்லாக் கொன்யோமேயும் அப்பிடித்தான் தொடங்கியிருக்கும். எங்கட பக்கத்துப் பேச்சில என்னா எண்டால் கதவு. ஆதியில எவனோ ஒருத்தன் ஒரு வாசலடியில குடியிருந்திருப்பான். பேர் எழுத வந்தவன் கேட்க, இவன் கதவைக் காட்டியிருப்பான். அவ்வளவுதான்.” பிறகு என் அறையை, சாவிகளை, திறந்திருந்த பெரிய வாசலைப் பார்த்தார். “நீங்கள் இஞ்சை என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு சொன்னீங்கள்?”

பொதியை அவிழ்த்தார். அப்பளம் போல மெல்லிய ரொட்டி. இருவரும் நொறுக்கித் தின்றோம்.

வாக்கெடுப்பு

கூட்டம் கூடியது. மெஷின்காரர் கதவோரம் ஒரு கறுப்புப் பெட்டியைப் பொருத்தி, அது களைக்காது, லீவு கேட்காது, சுகமில்லை என்று படுக்காது என்றார். ஒவ்வொன்றுக்கும் தலைகள் ஆடின. நான் பின்னால் நின்று, ஆடும் தலைகளைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். இரண்டு வீட்டுக்காரர்கள் மிச்சமாகும் காசைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“ஆராவது வெளியில போய்ப் பரீட்சிச்சுப் பாருங்கோ,” என்றார் மெஷின்காரர். சிஞ்ஞோரா பீனா எழுந்து போனார். கதவு சாத்தப்பட்டது. பெட்டி, வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரலில் கேட்டது:

“குடும்பப் பெயர்?”

வெளியே இருந்து, “கே?” என்றார் சிஞ்ஞோரா பீனா. என்ன, என்று அர்த்தம்.

“மன்னிக்கவும். ‘கே’ என்னும் பெயருடையவர் இக்கட்டடத்தில் வசிக்கவில்லை.”

“கே?”

“மன்னிக்கவும். ‘கே’ என்னும் பெயருடையவர்...”

“கே? கே? கதவைத் திற, துலைவானே!”

“மன்னிக்கவும். ‘கே கே’ என்னும்...”

வெளியே கதவில் சந்தைப் பை மோதுகிற சத்தம். உள்ளே ஒருவருக்கும் சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. என் கை என்னைக் கேட்காமலே பூட்டைத் திருகியது. சிஞ்ஞோரா பீனா உள்ளே வந்து, பெட்டியை முறைத்து, எனக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

அப்போது சார்டீனியாக்காரர் எழுந்தார். கூட்டத்தில் அவருக்கு ஓர் உரிமையும் இல்லை. பஸ் ஓட்டியவருக்கு அதெல்லாம் பொருட்டில்லை. “உங்கட போர்த்தியேரேக்கு என்னா எண்டு பேர் எப்பிடி வந்ததெண்டு தெரியுமோ?” என்று தொடங்கி முழுக்கச் சொன்னார். நான் சாந்தா ரொசாலியாவைப் பார்த்தேன். அவளும் வேறு எங்கோ பார்த்தாள்.

ராஜொனியேரேயின் முகம் தக்காளியானது. “அப்ப இவ்வளவு காலமும் நான் உங்களை ‘சிஞ்ஞோர் என்ன’ எண்டோ கூப்பிட்டனான்?”

“சி,” என்றேன். சிரித்தபடி.

அவர் எழுந்தார். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கறுப்புப் பெட்டியை நோக்கி விரலை நீட்டினார்.

“கேளுங்கோ எல்லாரும். ‘என்ன’ எண்டு சொன்ன ஆளை நான் உள்ளுக்கை எடுத்து வேலை குடுத்தனான். இது, ‘என்ன’ எண்டு சொன்ன ஆளைத் தெருவில நிப்பாட்டுது!”

மூன்றாம் மாடிக்காரரிடம் தொடங்கிய சிரிப்பு கதிரை கதிரையாகப் பரவியது. கைகள் உயர்ந்தன. மெஷின்காரர் பெட்டியைக் கழற்ற நான்தான் ஏணி பிடித்தேன்.

பிறகு ஒருவர் என் உண்மைப் பெயரைக் கேட்டார். தகட்டை மாற்றுவோம் என்றார். எழுந்து நின்று சொன்னேன்: “பஞ்சாட்சரம் கதிர்காமத்தம்பி.” சிலர் உதட்டை அசைத்துப் பார்த்தார்கள்.

“அவ்வளவு பித்தளை இந்த ஊரில இல்லை,” என்றார் சிஞ்ஞோரா பீனா. முதல் தரம் அவருக்கு எல்லாம் சரியாகக் கேட்டிருந்தது.

பாடம்

சார்டீனியாக்காரர் போகுமுன் தேசப்படத்தை விரித்து, பலெர்மோவில் புள்ளி வைத்துவிட்டு, பக்கத்தில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்: “பலெர்மோ: ஒருவர். பூர்வீகம்: ஒரு கேள்வி.”

வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். விளங்காவிட்டால் ‘சி’ சொல்லாதேயுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். ஆனால் எந்த மொழியில் கேட்கிறோம் என்று பார்த்துக் கேளுங்கள். ஒரு சொல் பித்தளையில் ஏறிவிட்டால் எந்த முடுக்கியாலும் கழற்ற முடியாது.

அன்று வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் சிவமலருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அவள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். புருசனின் பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் வழக்கம் அப்படி.

“இஞ்சாருங்கோ!”

நான் நெஞ்சை நிமிர்த்தி, முழுக் குடும்பப் பெயரோடு பதில் கொடுத்தேன்.

“என்ன?”