நாலு மாதம் நான் வாய் திறக்கவில்லை

மதினி என் அண்ணன் மனைவி. சேத்தூரிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் ராஜபாளையத்துக்குப் போய், ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தோம். ஒருநாள் உடை மாற்றும் அறையில் என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் வைத்தாள். தோலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் கெட்டியாகத் தட்டுப்பட்டது.

“எம்புட்டு நாளா இருக்கு மதினி?”

“பொங்கலுக்கு முன்னாலேருந்து. வலிக்கல. உங்க அண்ணங்கிட்ட சொல்லிராத, அவிய பயந்துருவாக.”

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“ஆம்பள டாக்டர் இருந்தா? நான் ஜாக்கெட்டக் கழட்ட மாட்டேன். லீவு போட்டா வேலையும் போயிரும். மக பரீட்சை முடியட்டும், பொறவு பாப்போம்.”

சத்தியம் வாங்கிக்கொண்டாள். எனக்கும் பயம்தான். பேசாமல் இருந்தால் அது வெறும் கட்டியாகவே இருந்துவிடும் என்று நம்பினேன்.

நாலு மாதம் கழித்து அக்குளில் நெறி கட்டி, கையைத் தூக்க முடியாமல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்றுதான் அண்ணனிடம் சொன்னேன்.

“ஏட்டி, நீயுமா மறைச்ச?” என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சோதித்தது ஒரு பெண் டாக்டர். அவரைப் பார்த்ததுமே மதினி அழுதாள். “பொம்பள டாக்டர்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பேனே.”

புற்றுநோய்தான் என்று அவர் மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற, விடியுமுன் பஸ் ஏறுவோம். திரும்பும்போது கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். மதினி பாலித்தீன் பைக்குள் முகத்தைப் புதைத்து வாந்தி எடுப்பாள். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. ஐந்தாவது தடவை, ஈரலுக்குப் பரவிவிட்டது என்றார்கள்.

“முன்னமே வந்திருந்தா?” என்று அண்ணன் கேட்டான். “நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்” என்றார் மதுரை டாக்டர்.

கடைசி வாரம் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது மதினி மெல்லச் சொன்னாள்: “நீ அந்தச் சத்தியத்த மீறியிருக்கலாம்ல.”

கோபமே இல்லாமல் சொன்னாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மார்கழி பிறந்து நாலாம் நாள் போய்விட்டாள்.

இப்போது மில்லில் பெண்களிடம் சொல்கிறேன், கட்டி தெரிந்தால் மறைக்காதீர்கள் என்று. சிலர் தலையாட்டுகிறார்கள். “லீவு யாரு தருவா அக்கா?” என்று சிலர் கேட்கிறார்கள். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. பஸ் ஸ்டாப்பில் என்னைக் கண்டால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொள்கிறான்.