முள் என்று சொன்னவன் நான்

ளுஹர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ரஹீம் நானாவின் மரண அறிவித்தல் கேட்டது. என் மருந்துக்கடையில் நின்றவர்கள் "இன்னா லில்லாஹி" என்று சொல்லிக்கொண்டே ஜனாஸா வீட்டுக்கு விரைந்தார்கள். நான் அலுமாரிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோல் நின்றேன். அவரை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்கள் முன்னால் இதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு வாய் வராது.

யுத்தத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அது முடிந்ததும் அங்கே போய், பிறந்த வளவில் காடு மண்டிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, நம் பள்ளிவாசல்துறைக்கே திரும்பி வந்தவர் அவர். கரைவலை இழுக்கும்போது வாய் ஓயாது. "செருப்புப் போட்டா கடலுக்கு என்னத் தெரியாமப் போயிரும்" என்பார்.

அவருடைய குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி வந்தது. எங்கள் கரையில் உள்ளங்காலில் கறுப்பாக எதைக் கண்டாலும் கடல்முள்ளின் நுனி முறிந்து நிற்கிறது என்போம். நானும் அதையே சொன்னேன். ஊரார் "டொக்டர்" என்று கூப்பிடுவதை ஒருநாளும் திருத்தாதவன் அல்லவா! ஊசியால் கிண்டினேன், முள் வரவில்லை. களிம்பு கொடுத்தனுப்பினேன்.

சில மாதங்களில் மறுபடியும் வந்தார். "முள்ளெண்டா நோகணுமே தம்பி. இது நோகுதுமில்ல, பரந்துக்கிட்டும் போகுதே?"

"சும்மா போங்க நானா, வயசுபோன தோல் ஆற நாளெடுக்கும்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். புள்ளியின் ஓரம் கோணலாக இருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் கபிலம். அதைப் பார்த்துவிட்டும் இன்னொரு களிம்பைத்தான் நீட்டினேன்.

இரத்தம் கசிந்த பிறகுதான் மகள் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். தோல் புற்றுநோய், தொடையிடுக்குவரை பரவிவிட்டது என்றார்கள். "புதுசா வந்த புள்ளி பரந்தா, நிறம் மாறினா, நோகும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. முதல்ல யாரிட்டக் காட்டினீங்க?" என்று கேட்டார் பெண் வைத்தியர்.

"ஒருத்தருக்கும் காட்டல்ல டொக்டர். நானேதான் முள்ளெண்டு நினைச்சிட்டேன்" என்றார் நானா.

அந்தப் பொய்க்குள் நான் பதுங்கிக்கொண்டேன். அவர் உயிரோடிருந்தவரை மறுக்கவில்லை. சீ, நானும் ஒரு மனிதனா!

நேற்று கனமூலையிலிருந்து ஒருவர் வந்து, முதுகிலிருந்த மச்சம் பெரிதாகிறது என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது என்னண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன்.

ரஹீம் நானாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது "தெரியாது" என்ற அந்த ஒரு சொல்தான். அதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.