அரைத்த கிழமை

1. திரும்பி வந்த லோடு

உரிம எண்ணும் தேதியும் அச்சிட்ட லேபிளோடு நாங்கள் அனுப்பிய முதல் லோடு மிளகாய்ப்பொடி, பெரும்பாலும் விற்காமல் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குத் திரும்பி வந்தது. மானாவாரி நிலத்தில் மிளகாய் வத்தல் விளைவிக்கும் பெண்கள் சேர்ந்து தொடங்கிய அரைவை நிலையம் எங்களுடையது. நான் அதன் விற்பனைப் பொறுப்பாளர். டவுனில் எங்கள் சரக்கை ஏற்றது ஒரே மளிகைக்கடைதான். அதுவும் கைவிட்டால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, முன்போலவே வியாபாரி சொன்ன விலைக்கு வத்தலைக் கொடுத்தாக வேண்டும்.

குழுத் தலைவி பாண்டியம்மாள் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "பொடியில கொறையா, நம்ம மூஞ்சியில கொறையான்னு கேட்டுட்டு வாங்கம்மா."

கேட்கப் போனேன். கடை அண்ணாச்சி ஒளிக்கவில்லை.

"பொடி நல்ல பொடிதாம்மா. லேபிளுதான் ஆகல. தேதி போட்டது கெட்டுப்போற சாமானாம். சுத்தமான பொடிக்குத் தேதி எதுக்குங்கிறாக வாங்க வர்றவுக. அத உரிச்சுட்டுக் குடுங்க, லூசுல தள்ளிவிடுறேன்."

"உரிக்க முடியாது அண்ணாச்சி. சட்டம்."

"அப்பச் சட்டத்துக்கே வித்துக்கிடுங்க."

2. கடையில் அமர்ந்து கேட்டது

மறுத்துப் பேசாமல், அன்று காலை முழுதும் அந்தக் கடையிலேயே ஒரு முக்காலியில் அமர்ந்திருந்தேன். கடையின் வாடிக்கைக்காரர் தறிவீட்டு லட்சுமியம்மா வந்தார். எங்கள் பாக்கெட்டைத் திருப்பினார். இன்ன மாதத்திற்குள் பயன்படுத்துக என்ற வரியைக் கண்டதும் கீழே வைத்துவிட்டார். கடையில் லூசாக விற்கும் டின்னிலிருந்த பொடியைக் காட்டி, "எப்ப அரைச்சது அண்ணாச்சி?" என்றார்.

"நேத்துதான்."

அடுத்து வந்தவரும் அதையே கேட்டார். அதே விடை பெற்றார். மறுநாளும் சென்றேன். அதே டின், அதே கேள்வி, அதே "நேத்துதான்".

அன்றும் வந்திருந்த லட்சுமியம்மா சிரித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, ஒங்க டின்னுக்கு மட்டும் வயசே ஏறாதா?"

சிரித்தபடியே அதைத்தான் வாங்கிச் சென்றார்; கெடு தேதி போட்ட பாக்கெட்டை நம்பாத அவருக்கு வேறு வழி இல்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்குத் தெளிந்தது. இவர்கள் தேதியை வெறுப்பவர்கள் அல்லர். தேதியைக் கேட்காமல் எதையும் வாங்காதவர்கள். பிறந்த நாளைக் கேட்டவர்களிடம் நாங்கள் இறக்கும் நாளைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அரைத்த தேதியும் லேபிளில் இருக்கத்தான் செய்தது, பின்புறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில்.

3. புதிய லேபிள்

சட்டம் கேட்ட வரிகளில் ஒன்றையும் நீக்கவில்லை. முகப்பில் மட்டும் 'அரைத்தது' என்று பெரிதாக அச்சிட்டு, கீழே கிழமையும் தேதியும் ரப்பர் முத்திரையாக இட ஏற்பாடு செய்தேன்.

"திங்கக்கிழம அரைச்சதுக்குத் திங்கக்கிழமன்னுதான் போடணுமா?" என்று கேட்டார் பாண்டியம்மாள்.

"ஆமாம்."

"அப்ப நம்மளும் 'நேத்துதான்'னு சொல்ல முடியாது?"

"முடியாது."

"நல்லதாப் போச்சு. அடிங்க சீல."

அண்ணாச்சி ஒரே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டார். "இதும் திரும்புச்சுன்னா, நீங்க திரும்பி வரப்படாது," என்றார்.

நான் அங்கேயே நின்றேன். லட்சுமியம்மா பாக்கெட்டை எடுத்து உரக்கப் படித்தார். "செவ்வாக்கிழம அரைச்சிருக்காக. ஒங்க டின்னுல உள்ளது எந்தக் கிழம அண்ணாச்சி?"

அண்ணாச்சி டின்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "அதையே எடுத்துக்கிடுங்கக்கா."

லட்சுமியம்மா உடனே எடுத்துக்கொள்ளவில்லை. பின்புறத்தைத் திருப்பி உரிம எண்ணைக் காட்டி, "இது என்னத்துக்கு?" என்று என்னிடம் கேட்டார்.

"எங்கள் உரிம எண். பொடியில் தவறு இருந்தால் இதை வைத்து அதிகாரியிடம் புகார் சொல்லலாம்."

"அப்ப ஒங்களப் பிடிச்சுப்புடலாம்?"

"பிடிக்கலாம்."

"அப்ப ரெண்டாக் குடுங்க."

வாரம் முடியுமுன் பெட்டி காலியாயிற்று. "ஏம்மா, பெரிய லோடா ஏத்திவிடுங்க," என்று அண்ணாச்சியே போன் செய்தார்.

இத்தொழிலுக்கு வரும் இளையோருக்கு நான் சொல்வது இதுதான்: சான்றிதழ் பெற்றதனாலேயே நம்பிக்கை வந்துவிடாது. வாங்குபவர் வாய்விட்டுக் கேட்கும் கேள்விக்கு லேபிளின் முகப்பில் விடை இருக்க வேண்டும்; தவறினால் நம்மைப் பிடிக்க வழியும் அதில் இருக்க வேண்டும். அவ்விரண்டும் இருந்தால் மிச்சத்தை அவர்களே படித்துக்கொள்வார்கள்.

அந்த ஆண்டு அறுவடையின்போது வத்தல் வியாபாரியின் வண்டி எங்கள் ஊருக்கு வழக்கம்போல வந்தது. வெறுஞ்சாக்குகளோடு திரும்பிப் போயிற்று.