லாண்ட்ரி அறையில் பிரெஞ்சுப் புரட்சி

டிரையரில் போடும் வாசனைத் தாள் ஒன்று இன்று சட்டைக்குள்ளிருந்து உதிர்ந்ததும், பின்னாளில் இடித்து கார் நிறுத்துமிடமாக்கிவிட்ட, அமெரிக்காவில் நாங்கள் குடியிருந்த மில்பிடாஸ் அபார்ட்மென்ட்டின் லாண்ட்ரி அறை, சோப்பு நெடியும் மிஷின் கடகடப்புமாக நினைவில் எழுந்தது. பள்ளியில், பதினாறாம் லூயி ராஜாவின் பெயருக்குப் பின்னால் வரும் XVI என்ற ரோமன் எண்ணை 'எக்ஸ்விஐ' என்று குடும்பப் பெயராக வாசித்த மேதை நான். அந்த வருடம் பாண்டிச்சேரியிலிருந்து வந்து, அதே அபார்ட்மென்ட்டில் குடியேறி, என் வகுப்பில் சேர்ந்த சுதாதான், துணி துவைபடும் நேரமெல்லாம் அங்கே எனக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தாள்.

"டேய், ஊற வெக்கிறது பசி, அடிச்சுத் துவைக்கிறது புரட்சி, கடைசில கிர்ருனு சுத்துதே, அதுல ராஜா தலை போயிடும்," என்று மிஷின் மூடியைத் தட்டுவாள். கேட்ட கூலி ஒன்றே: "டெஸ்ட் பாஸ் பண்ணா ஒரு நாள் லஞ்சுக்கு என்கூட உக்காரு. தனியா சாப்பிட முடியலடா."

'ஏ' வாங்கினேன். எப்படிப் படித்தாய் என்று டீச்சர் கேட்டதும், துணி துவைக்கும் கதையை என் சொந்தச் சரக்காக அவிழ்த்துவிட்டு, கைதட்டலில் தலைகால் புரியாமல், சுதாவின் பாண்டிச்சேரி இங்கிலீஷையும் நடித்துக் காட்டினேன். சுதாவைத் தவிர வகுப்பே உருண்டு சிரித்தது.

லஞ்சில் சுதா பக்கத்து நாற்காலியில் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நான் உட்காரப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அந்த நாற்காலியை இழுத்துப்போய் நண்பர்கள் மேசையில் போட்டு உட்கார்ந்தேன்.